லைசென்சுக்குக் கட்டும் பணம்

(நவி மும்பைக் கிளைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நவசேவா துறைமுகம் 1989இல் திறக்கப்பட்டது. அன்று முதல் இந்த வட்டாரத்தின் பிழைப்பு லாரியோடு பிணைந்துவிட்டது. களம்போலி இரும்புச் சந்தை, வாசி மொத்தச் சந்தை, பிவண்டிக் கிடங்குகள், எங்கே திரும்பினாலும் லாரிதான். நம் வீட்டுப் பிள்ளை அதை அண்ணாந்து பார்க்கிறான். "டிரைவர் ஆகிறேன் அம்மா, பணம் கட்டு" என்கிறான். தாய் காதில் கிடப்பதைக் கழற்றுகிறாள். அடகுக் கடைக்குப் போகும் அந்தத் தங்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நம் தகப்பன்மார் காலத்தில் இந்தத் தொழிலுக்குப் பணம் கட்டிப் படித்தவர் குறைவு. கிளீனராக ஏறினார்கள். டயர் கழற்றினார்கள், தார்ப்பாய் கட்டினார்கள், சாலையோரம் சோறு பொங்கினார்கள். டிரைவர் மனம் இளகினால் நள்ளிரவில் ஸ்டியரிங் கிடைத்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் அப்படி ஏறியவர்களில் சிலர் சொந்த லாரிக்காரர்களாகவே உயர்ந்தார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் காசு கட்டாதவர்கள் ஆண்டுகளைக் கட்டினார்கள். லைசென்ஸ் இல்லாத கை ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் வழக்கு யார் தலையில் விழும்? அந்தக் கிளீனர் பையன் தலையில்தான். 2019இல் திருத்திய சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். ஓட்டவிட்ட உரிமையாளருக்குத் தனியாக 5,000 ரூபாய். எனவே அந்த வழிக்குப் பிள்ளைகளை இனி அனுப்பக் கூடாது.

அப்படியானால் பணம் கட்டத்தான் வேண்டும். எப்போது, எதற்கு என்பதுதான் கேள்வி.

சட்டம் போட்டிருக்கும் படிக்கட்டு இது. 18 வயதில் கார் போன்ற இலகு வண்டிக்கு லைசென்ஸ். சரக்கு வண்டியை வாடகைக்கு ஓட்ட 20 வயது ஆக வேண்டும். கனரக வண்டிக்குப் பழகுநர் லைசென்ஸ் கேட்கிறவன் இலகு வண்டி லைசென்சை ஓராண்டாவது கையில் வைத்திருந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2019இல் எடுத்துவிட்டார்கள். "படிப்பு இல்லை, சான்றிதழுக்குத் தனிப் பணம்" என்று எவனாவது சொன்னால் அவன் ஏமாற்றுகிறான்.

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகு வண்டி லைசென்ஸை வைத்தே ஓட்டலாம். தனி அனுமதி வேண்டியதில்லை. இதன் பொருள் என்ன? முதல் நாளே கனரகப் பயிற்சிக்கு நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. இருபது வயதில் சின்ன யானையை ஓட்டு. ஒன்றிரண்டு ஆண்டு சம்பாதி. சந்தையும் சாலையும் பழகட்டும். கனரகத்துக்கான பணத்தை அந்தச் சம்பளத்திலிருந்தே எடு. தாயின் தோடு தாயின் காதிலேயே இருக்கட்டும்!

இனி கட்டணம். மத்திய அரசு 2016 டிசம்பரில் திருத்திய பட்டியலில் பழகுநர் லைசென்சுக்கு 150 ரூபாய், ஓட்டும் தேர்வுக்கு 300 ரூபாய், புதிய வகை வண்டியைச் சேர்க்க 500 ரூபாய். மாநில அரசு சேர்ப்பது தனி. அதற்கு மேல் கேட்பது பள்ளிக்கான கூலியும் தரகரின் பங்கும். பள்ளிக்குக் கூலி கொடுக்கலாம். ஆனால் கொடுத்ததற்கு வேலை வாங்க வேண்டும். கனரக வண்டிக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சி, அதில் 15 மணி நேரமாவது ஸ்டியரிங்கில் கை இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு விதி. 2021 முதல் வந்திருக்கும் அங்கீகாரப் பயிற்சி மையங்களில் 6 வாரம், 38 மணி நேரம். ஐந்து நாள் வரச் சொல்லிவிட்டு ஐந்தாம் படிவச் சான்றிதழை நீட்டுகிறவன் பயிற்சி தரவில்லை, காகிதம் விற்கிறான். அந்தக் காகிதத்தோடு மலைப்பாதையில் இறங்குகிற பிள்ளையின் உயிரை யார் திருப்பித் தருவது?

ஆகவே ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். தவணையாகக் கட்டுங்கள். வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகே கட்டுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்பவனிடம் எழுதிக் கேளுங்கள். அசல் லைசென்சை முதலாளியிடம் ஒப்படைக்காதீர்கள். அது ஓட்டுகிறவனின் சொத்து.

இவ்வளவும் நாம் செய்ய வேண்டியது. ஆனால் தோழர்களே, நியாயம் இதோடு முடியவில்லை. ஆலை முதலாளி தன் ஆளுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறான். லாரித் தொழிலில் மட்டும் தொழிலாளி கடன்பட்டுக் கற்று வர வேண்டும். வந்தவனைப் பார்த்து "அனுபவம் இல்லை" என்று அரைச் சம்பளம் பேசுகிறார்கள். கற்ற கையின் பலன் முழுவதும் முதலாளிக்கு. கற்ற செலவு முழுவதும் குடிசைக்கு! இது எந்த ஊர் கணக்கு?

கேட்டால் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். விபத்து செய்து சொல்லாமல் போனால் 10 ஆண்டு வரை சிறை என்று புதிய குற்றவியல் சட்டத்தில் ஓர் உட்பிரிவு வந்தது. 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். தனி ஓட்டுநருக்கு யார் அஞ்சுவார்? நின்ற சக்கரங்களுக்கு அரசே செவிசாய்த்தது.

எனவே நம் சங்கத்தின் கோரிக்கைகள் மூன்று. ஆள் எடுக்கும் போக்குவரத்து நிறுவனம் பயிற்சிச் செலவில் பங்கு ஏற்க வேண்டும். அரசுப் பயிற்சி மையங்களில் புலம்பெயர்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா இடம் வேண்டும். புதிய ஓட்டுநருக்கும் அதே வண்டிக்கு அதே சம்பளம் வேண்டும்.

அதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு மாலை சங்க அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். தாளைப் படித்துச் சொல்கிறோம். பள்ளிக்கு உடன் வருகிறோம். பிள்ளை சாலைக்குப் போகட்டும், கடன்காரனாக அல்ல, தொழிலாளியாக!