பழைய இரும்பும் புதிய பிளாஸ்டிக்கும்



செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிய பின்னர்க் காற்றில் மெல்ல உப்பு ஏறுகிறது. மனிதருக்கு இதமான அக்காற்று இரும்புக்குப் பெரும்பகை. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாயினும், முதலில் அப்பூச்சையும் பின்னர் இரும்பையும் அது அரித்துவிடும். உட்புறத்திலோ சோப்பு நீரும் மயிரும் துருவும் சேர்ந்து படிந்து, ஒன்றரை அங்குலக் குழாயை விரல் நுழையாத துளையாக்கிவிடுகின்றன.

தொட்டியில் அமர்ந்து நீராடுவது நமக்குப் பழக்கமன்று. செம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதே நம் நீராடல். எனினும் கடற்கரை விடுதிகளிலும், வசதியுள்ளோர் கட்டிய வீடுகளிலும் குளியல் தொட்டிகள் புகுந்துவிட்டன. மேட்டூரில் பி.வி.சி. உற்பத்தி 1960களில் தொடங்கியபின் பிளாஸ்டிக் குழாயும் படிப்படியாக எங்கும் பரவிற்று. தொட்டி புதியது, அதன் கழிவுக்குழாய் பிளாஸ்டிக். சுவருக்குள் இருப்பதோ பழைய இரும்பு. இவ்விரண்டும் கூடுமிடத்தில்தான் தொல்லை பிறக்கிறது.

மாமல்லபுரத்தருகே ஒரு விடுதியில் நான் கண்டதைச் சொல்கிறேன். மாடி அறைத் தொட்டியின் பிளாஸ்டிக் குழாயை இரும்புக் குழாய்க்குள் செருகி, இடைவெளியில் சிமெண்டைத் திணித்திருந்தார்கள். சில மாதங்களில் கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் பரவிற்று. அதன்மேல் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். உள்ளே நீர்பட்ட கம்பி துருப்பிடித்தது. துரு இரும்பைவிடப் பருமனில் மிகுந்தது. அது கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிற்று. ஒரு நாள் பிற்பகலில் கூரைப்பூச்சு ஒரு முழ அகலத்திற்குப் பெயர்ந்து கட்டிலின்மேல் விழுந்தது. அப்பொழுது கட்டிலில் எவரும் இல்லை.

சிமெண்டு ஏன் பயன்படவில்லை? வழவழப்பான பிளாஸ்டிக்கை அது பற்றுவதில்லை. மேலும், வெப்பத்தில் பிளாஸ்டிக் நீளும் அளவு இரும்பினும் ஏறத்தாழ ஆறு மடங்கு. மூன்று மீட்டர்க் குழாயில் முப்பது பாகை வெப்பம் ஏறினால் இரும்பு ஒரு மில்லிமீட்டர் அளவே நீளும், பி.வி.சி. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். வெந்நீர் நிறைந்த தொட்டியைத் திறக்குந்தோறும் அக்குழாய் நீண்டு, பின் சுருங்குகிறது. விறைத்த சிமெண்டு அதற்கு எப்படி ஈடுகொடுக்கும்?

கடையில் விற்கும் பசையும் இங்கே உதவாது. நாம் அதைப் பசை என்கிறோமே தவிர, அது ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. இரும்பு அதில் கரைவதில்லை. முன்னாளில் வார்ப்பிரும்புக் குழாய்களின் வாயில் சணலைத் திணித்து ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஈயம் உருகுவது 327 பாகையில், பி.வி.சி. எண்பது பாகை அளவிலேயே குழைந்துவிடும். ஆகவே அவ்வழியும் அடைபட்டது.

அளவிலும் ஒரு மயக்கம் உண்டு. ஒன்றரை அங்குல இரும்புக்குழாய் என்பது உள்விட்டத்தையொட்டிய பெயர். அதன் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர். நம் பி.வி.சி. குழாய்களோ வெளிவிட்டத்தால் வழங்கப்படுகின்றன. அதற்கு நிகராக விற்பது 50 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றினுள் ஒன்று பொருந்தா. கடைக்குப் போகுமுன் நூலைச் சுற்றியேனும் அளந்துகொண்டு போவது நல்லது.

சுவரிலிருந்து நீளும் இரும்பில் நல்ல மரை இருந்தால் வேலை எளிது. பிளாஸ்டிக்கின் ஆண்மரை இரும்பின் பெண்மரைக்குள் போகவேண்டும், மாற்றிச் செய்யலாகாது. இரும்பின் ஆண்மரை ஆப்புப்போல் கூம்பியிருப்பதால், முறுக்க முறுக்கப் பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும். உடனே பிளந்தாலும் தாழ்வில்லை. ஆறு மாதம் பொறுத்துச் சுவருக்குள் பிளப்பதுதான் கொடுமை. இரும்பு முனையில் இருப்பது ஆண்மரையாயின், அதன்மேல் ஓர் இரும்புச் சாக்கெட்டை ஏற்றி, அதற்குள் பிளாஸ்டிக்கை முறுக்கலாம். டெஃப்லான் நாடா போதும். கையால் இறுக்கியபின் ரெஞ்ச்சால் ஒரு சுற்று. அதற்குமேல் வலிமை காட்ட வேண்டா.

மரை கரைந்துபோயிருந்தால், உறுதியான இரும்பு தென்படும்வரை அறுத்து, துருவைச் சுரண்டி, இரு விட்டங்களுக்கும் பொருந்தும் ரப்பர் உறையைப் பூட்டிப் பட்டையால் இறுக்குவதே என் முறை. ரப்பர் வளையும், ஆகவே நீட்சியையும் தாங்கும். கடற்கரையில் அப்பட்டை மாலிப்டினம் கலந்த 316 வகை எஃகாக இருக்கட்டும். மலிவான துருவா எஃகும் உப்புக் காற்றில் புள்ளிபுள்ளியாகத் துருப்பிடிக்கக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, உயிரைப் பற்றியது. பழைய வீடுகள் சிலவற்றில் மின்சாரத்தின் நில இணைப்பை இரும்பு நீர்க்குழாயிலேயே கட்டியிருப்பார்கள். நடுவே பிளாஸ்டிக் புகுந்தால் அவ்விணைப்பு அறுந்துபோகும். வெந்நீர்க் கருவியில் மின்கசிவு ஏற்பட்டால், அது ஈரமான உடலையே வழியாகக் கொள்ளும். குழாயை அறுக்குமுன் தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டு தனி நில இணைப்பு அமைத்துவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் பலர் ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பூசிவிடுகிறார்கள். தொட்டியை விளிம்பளவு நிரப்பி ஒரே வீச்சில் திறந்துவிடுங்கள். இணைப்பின் அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒரு துளி விழுந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். பின்னர் வெந்நீரால் இருமுறை அவ்வாறே செய்து பாருங்கள். தாள் உலர்ந்தே இருந்தால் கொத்தனாரை அழைக்கலாம்.