தடை எந்தப் பக்கத்துக்கு?



எண்டோசல்ஃபான் பூச்சிமருந்தைத்தான் எப்போதோ தடை செய்தாயிற்றே, இன்னும் எதற்கு இந்தக் கூட்டம் என்று சிலர் கேட்கிறார்கள். தடை வந்த கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, ஏலத்தோட்டத்துத் தோழர்களே, நீங்களே முடிவு செய்யுங்கள்.

காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசு என்கிற பூச்சியைக் கொல்லக் கேரள அரசின் தோட்டக் கழகம் ஹெலிகாப்டரில் பறந்து இந்த விஷத்தைத் தெளித்தது. 1970களின் கடைசியில் தொடங்கி 2000 வரைக்கும் தெளித்தது. கீழே வீடும் கிணறும் பள்ளிக்கூடமும் இருந்தன. இதே விஷத்தைத் தயாரித்த கம்பெனிகளில் ஒன்று, கொச்சிக்குப் பக்கம் ஏலூரில் இருக்கும் மத்திய அரசின் ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ். தயாரித்ததும் அரசு, தெளித்ததும் அரசு, பாதிப்பு உண்டா என்று விசாரிக்கக் கமிட்டி மேல் கமிட்டி போட்டதும் அரசு! 1998இல் ஹோஸ்துர்க் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, இந்தத் தெளிப்புக்குத் தடையுத்தரவு வாங்கியவர் யார் தெரியுமா? வேளாண்மைத் துறையிலேயே வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா. ஒரு தனி மனுஷி!

அதற்குப் பிறகு கேரளத்தில் தடை வந்தது. ஆனால் மலைக்குக் கீழே? 2011 வரை தமிழ்நாட்டுக் கடைகளில் பகிரங்கமாக விற்றார்கள். பொள்ளாச்சிப் பக்கம் வாங்கிய கேன் கோவிந்தாபுரம் தாண்டி முதலமடை மாந்தோப்புக்குப் போனது. கம்பத்திலும் போடியிலும் வாங்கியது இந்த இடுக்கி மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு வந்தது. அடித்த கையும் நம் கை, சுவாசித்த நெஞ்சும் நம் நெஞ்சு. 2011 ஏப்ரலில் ஜெனிவாவில் உலக நாடுகள் கூடி இதை ஒழிக்க முடிவெடுத்தபோதும், இந்தியா முதலில் எதிர்த்து நின்று, விதிவிலக்கு வாங்கிக்கொண்டுதான் ஒத்துக்கொண்டது. மே 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகே நாடு முழுக்க உற்பத்தி நின்றது.

நஷ்டஈடு? பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் மூன்று மாதத்தில் கொடு என்று கேரள அரசுக்கு 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, 3,704 பேரில் பணம் வாங்கியிருந்தவர்கள் எட்டுப் பேர். அவமதிப்பு வழக்குப் போட்ட அந்த எட்டுப் பேர் மட்டும்! மற்றவர்கள் வழக்குப் போடத் தெம்பில்லாமல் படுத்த படுக்கையாகக் கிடந்தால் அது அவர்கள் குற்றமா?

இந்த விஷத்தால்தான் நோய் வந்தது என்று நிரூபி என்கிறார்கள், இன்றைக்கும் சில விஞ்ஞானிகள். சரி, நிரூபிக்கிறோம். எதை வைத்து நிரூபிப்பது? காசர்கோட்டுக்காவது மருத்துவ முகாம் நடந்தது, பட்டியல் இருக்கிறது. விடியும் முன்னே கம்பத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி வந்து, முந்தாநாள் மருந்தடித்த செடிக்குக் கீழே குனிந்து காய் எடுத்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிப் போகிற பொம்பளைகள் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்? வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். தலைசுற்றலும் வாந்தியும் வந்தால் போய்ப் படுப்பது கம்பத்து ஆஸ்பத்திரியில். அந்தச் சீட்டில் தோட்டத்தின் பேர் இருக்காது, அடித்த மருந்தின் பேரும் இருக்காது.

ஏலத்துக்கு இலைப்பேனும் தண்டுத்துளைப்பானும் எதிரி என்பது எனக்கும் தெரியும். சிறு விவசாயியின் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. அவருக்கு மாற்று வழி காட்டவேண்டியது வேளாண்மைத் துறையின் வேலை. ஒரு பாட்டிலைத் தடுத்துவிட்டு அடுத்த பாட்டிலுக்குக் கதவைத் திறந்துவைப்பது கட்டுப்பாடு ஆகாது!

1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் பொதுவானது. ஆகவே நம் கோரிக்கையும் இரண்டு அரசுக்கும் சேர்த்துத்தான். அடித்த மருந்தின் பேரும் தேதியும் தோட்டத்து வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்பட வேண்டும். எத்தனை நாள் கழித்து ஆளை உள்ளே இறக்கலாம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். கம்பம், போடி, பொள்ளாச்சிக் கடைகளின் விற்பனைக் கணக்கை இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்து பார்க்க வேண்டும். எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்களுக்கு வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை செய்து, அதன் நகலை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். மனு தயாராக இருக்கிறது. ஒரு பிரதி இடுக்கி கலெக்டருக்கு, இன்னொன்று தேனி கலெக்டருக்கு. கையெழுத்துப் போட வாருங்கள்.