விடியலில் எழுப்புங்கள்

இயன்முறை மருத்துவத்தில் இன்று பட்டம் பெறும் இளைஞர்களே!

கெடிலக் கரைத் திருவதிகையில் நின்று ஒரே ஒரு நோயைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது தண்டுவட மரப்பு நோய். மருத்துவமனைப் பேச்சில் எம்.எஸ். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்குகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியாது, நிலைப்படியில் விரல் இடறும், காலையில் நன்றாக இருந்தவர் மதியம் எழ முடியாமல் சாய்ந்துவிடுவார். பார்ப்பவர்கள் அதைச் சோம்பல் என்கிறார்கள். வீட்டார் 'பேசாம படுத்துக்கோ' என்கிறார்கள். அன்பில் வரும் சொல்தான். ஆனால் நோயாளியின் கால்களை அது இன்னும் வலுவிழக்கச் செய்கிறது.

வீட்டாரை மட்டும் குறை சொல்ல முடியாது. மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் சொன்னார்கள். உடலுழைப்புக்குப் பின் இந்நோயாளிகளின் பார்வை மங்குவதை 1890-ல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் பதிவு செய்தார். காரணம் உடற்சூடு என்பது பிறகுதான் தெளிந்தது. உறையிழந்த நரம்பில் அரை டிகிரி வெப்பம் ஏறினாலே செய்தி தடைப்படலாம். சூடு தணிந்ததும் பழைய நிலை திரும்பும்; பயிற்சியைத் தவிர்க்க அது காரணமல்ல. 1996-ல் அமெரிக்காவின் யூட்டாவில் பெட்டாஜன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 54 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 15 வாரம், வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுத்தனர். பயிற்சி பெற்றவர்களின் உடல்திறனும் கைகால் வலுவும் கூடின. பயிற்சியால் நோயின் தாக்குதல் அதிகரிப்பதில்லை என்று பின்வந்த ஆய்வுகளும் காட்டின.

'அதெல்லாம் குளிர்நாட்டுக் கதை, நெய்வேலியின் கத்திரி வெயிலில் நடக்குமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெயிலுக்கு அஞ்சிப் பயிற்சியைக் கைவிட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். விடியற்காலை ஐந்தரை மணி. சிமெண்ட் தரை, ஓடும் மின்விசிறி, கழுத்தில் நனைத்துப் பிழிந்த துண்டு, சுவரோரம் நகராத நாற்காலி. கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் நடுங்கினால் அங்கேயே நிறுத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, உடல் ஆறிய பிறகு தொடருங்கள். விளையாட்டு வீரரை 'இன்னும் ஒன்று' என்று விரட்டலாம், இவரை விரட்டக் கூடாது.

நோயுற்றவரை விடியலில் எழுப்புவது இந்த ஊருக்குப் புதிதல்ல. சூலை நோயால் துடித்த நாவுக்கரசர் தமக்கையைத் தேடி வந்தது இங்கேதான். திலகவதியார் தம்பிக்குத் திருநீறு அளித்தார்; படுக்க வைக்கவில்லை. பொழுது புலருமுன் திருவலகும் தோண்டியும் ஏந்திக் கோயிலுக்குப் புறப்பட்டவர், அவரையும் உடன் அழைத்துச் சென்றார் என்கிறது பெரியபுராணம். அது பக்தியின் கதை, மருத்துவச் சான்றாக நான் சொல்லவில்லை. ஆனால் நோயுற்றவரை எழுப்பிக் கூட்டிச் செல்லும் அந்தப் பரிவு நம் தொழிலுக்கும் உரியது.

மருந்துகள் வந்துவிட்டனவே, பயிற்சி எதற்கு என்றும் கேட்பார்கள். மருந்து புதிய தாக்குதலைக் குறைக்கும். தளர்ந்த நடையைத் திருத்துவது உங்கள் கை. அரிய நோய்தானே என்று ஒதுக்கவும் முடியாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக இதைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பத்துப் படி ஏறி மருத்துவமனைக்கு வர முடியாதவருக்கு அந்த வாசல்தான் மருத்துவமனை.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நோயோடு வாழும் ஒருவரை முதன்முதலில் பார்க்கும்போது, 'எந்த நேரத்தில் உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது?' என்று கேளுங்கள். அந்த நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போங்கள்.