கட்டாத பொருள் கடலுக்கு



மெக்கானிக்கல் படித்தவன் பம்ப், வால்வு என்று அறுக்கப் போகிறான் எனப் பயந்திருப்பீர்கள். பயப்படாதீங்க, இன்று தூண்டில் கதைதான்!

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில். காரில் சுமார் ஒரு மணி நேரம் போனால் கால்வெஸ்டன் விரிகுடா. கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் மீன் பிடிப்பது அங்கே பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு.

முதல் தடவை மூன்று தூண்டில், பெரிய ஐஸ் பெட்டி என்று உயரமாக அடுக்கினேன். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் போடாமல் முதுகுக்குத் தலையணையாக வைத்தேன். ஊர்க் கிணற்றில் குதித்து நீந்தியவன் அல்லவா! ஒரு மோட்டார் படகு கடந்துபோன அலையில் கயாக் கவிழ்ந்தது. ஜாக்கெட் ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம் மிதந்து போயின. மார்பளவு ஆழம் என்பதால் இன்று உங்கள் முன் நிற்கிறேன். வீட்டில் மனைவி கேட்டாள்: "எங்கே போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனீங்களா?" என்னிடம் பதில் இல்லை.

அன்று படித்த பாடம் இது: உயிர் காப்பது உடம்பில் இருக்க வேண்டும், மற்றது படகில் கட்டியிருக்க வேண்டும்.

உடம்பில் லைஃப் ஜாக்கெட், அதில் விசில், சிக்கிய நூலை அறுக்கச் சிறு கத்தி, நீர் புகாத உறையில் செல்போன். ஆளுக்கொரு ஜாக்கெட்டும் ஒலி எழுப்பும் கருவியும் படகில் இருப்பது அங்கே சட்டம். இருட்டினால் வெள்ளை விளக்கும் வேண்டும். பெரியவர்கள் ஜாக்கெட்டை அணிந்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், போட்டுக்கொள்ளுங்கள்.

படகில் ஒன்றிரண்டு தூண்டில் போதும். கொக்கி டப்பா, இடுக்கி, 3 லிட்டர் குடிநீர், தண்ணீர் புகாத பையில் மாற்றுத் துணி. துடுப்பையும் கயிற்றால் படகோடு பிணையுங்கள். கனமானவை தாழ்வாக, நடுவில் இருக்கட்டும். அப்ளைடு மெக்கானிக்ஸ் வகுப்பில் தூங்கியதன் பலனை நான் தண்ணீரில் அனுபவித்தேன்! லைசென்ஸோடு அளவு நாடாவும் அவசியம். ரெட் டிரம் மீன் அங்கே பொதுவாக 20 முதல் 28 அங்குலம் வரை இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம்.

புதியவர்கள் மேலே உட்காரும் வகைக் கயாக்கை வாங்குங்கள். தூண்டிலைத் தொடுமுன் கரையோரத்தில் நீங்களே அதைக் கவிழ்த்து, திரும்ப ஏறிப் பழகுங்கள்.

கடைசிப் பொருள் ஒன்று, அது வீட்டிலேயே இருக்க வேண்டியது. எங்கே இறங்குகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதிய சீட்டு. இப்போதெல்லாம் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் அது ஒட்டாமல் நான் கிளம்புவதில்லை.