வால்வை மாற்றினால் நாதம் மாறுமா?

(வட்டார அளவிலான அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, சோதனைகளில் மாறிகளைக் கையாளுதல். "ஒன்றை மட்டும் மாற்று, மற்றவை மாறாமல் பார்த்துக்கொள்" என்பதை நடுநிலை வகுப்புகளிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பிள்ளைகளும் தேர்வில் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். ஆனால், ஒன்றை மாற்றும்போது அதனோடு சேர்ந்து வேறு எவையெல்லாம் மாறுகின்றன என்று கேட்க அவர்களைப் பழக்குகிறோமா? இதைப் பேசுவதற்குப் பாடநூலுக்கு வெளியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கிட்டார் வாசிப்பவர்கள் பயன்படுத்தும் வால்வு ஆம்ப்ளிஃபயர்தான் அது.

மேல்நிலை வகுப்பு மாணவன் ஒருவன் தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறான். "வால்வு ஆம்ப்ல முதல் வால்வை மாத்தினா டோனே மாறிடும்னு சொல்றாங்களே, உண்மையா சார்?" என்று கேட்டான். டோன் என்று அவன் சொன்னதை நாம் நாதம் என்று வைத்துக்கொள்வோம். "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட முடியாத கேள்வி. அதனால்தான் அது நல்ல பாடமாகிறது.

முதலில் வால்வு என்றால் என்ன? நம் தாத்தாக்கள் காலத்து ரேடியோவில் செம்மஞ்சளாக ஒளிர்ந்த கண்ணாடிக் குழாய்தான். 1904இல் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் இரு மின்வாய் கொண்ட வால்வை உருவாக்கினார். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவதாக ஒரு மின்வாயைச் சேர்த்தார். காற்று நீக்கப்பட்ட குழாய்க்குள் சூடேறிய கேதோடு எலக்ட்ரான்களை உமிழ்கிறது. இருநூறு, முந்நூறு வோல்ட் கொடுக்கப்பட்ட பிளேட் அவற்றை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கம்பிச்சுருளாக கிரிட் இருக்கிறது. வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையை ஒரு விரல் அளவு தூக்கினால் வயலுக்குள் எவ்வளவு தண்ணீர் பாய்கிறது! கிரிட்டில் ஏற்படும் சிறிய மின்னழுத்த மாற்றம் பிளேட்டுக்குப் போகும் மின்னோட்டத்தைப் பெரிதாக மாற்றுகிறது. இதுவே பெருக்கம்.

கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் முன்பகுதியில் மிகப் பரவலாக இருப்பது 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு. ஐரோப்பாவில் இதற்கே இசிசி83 என்று பெயர். ஒன்பது கால்கள், ஒரே குழாய்க்குள் இரண்டு மும்முனை வால்வுகள். இதே சாக்கெட்டில், இதே கால் அமைப்போடு வேறு சில வால்வுகளும் பொருந்தும். அவற்றின் பெருக்கக் காரணிகளைக் கரும்பலகையில் எழுதுகிறேன்: 12ஏஎக்ஸ்7க்கு 100; 5751க்கு 70; 12ஏடி7க்கு 60; 12ஏஒய்7க்கு 44; 12ஏயூ7க்கு ஏறத்தாழ 17.

இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் ஒரு மாணவன் என்ன சொல்வான்? "12ஏஎக்ஸ்7ஐ எடுத்துவிட்டு 12ஏடி7ஐப் போட்டால் பெருக்கம் நூறிலிருந்து அறுபதாகக் குறையும்" என்பான். முதல் சறுக்கல் இங்கேதான். பட்டியலில் உள்ள எண் வால்வின் தனிப்பட்ட பண்பு. நமக்குக் கிடைக்கும் பெருக்கமோ, வால்வும் அதைச் சுற்றியுள்ள மின்தடைகளும் சேர்ந்து தருவது.

பத்தாம் வகுப்பு மின்னியலே போதும், இதைக் கணக்கிட்டுவிடலாம். வால்வுக்கு ஓர் அக மின்தடை உண்டு. பிளேட்டோடு ஒரு மின்தடையாக்கியை இணைத்திருப்பார்கள். பல ஆம்ப்ளிஃபயர்களில் அது 1,00,000 ஓம். இரண்டும் தொடரிணைப்பில் இருப்பதாகக் கொண்டால், பெருக்கப்பட்ட மின்னழுத்தம் இரண்டுக்கும் பங்கிடப்படுகிறது. வெளியிலுள்ள மின்தடையாக்கியின் பங்குதான் அடுத்த நிலைக்குப் போகிறது. 12ஏஎக்ஸ்7இன் அக மின்தடை 250 வோல்ட்டில் 62,500 ஓம். எனவே 100ஐ 100ஆல் பெருக்கி 162.5ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 61. 12ஏடி7இன் அக மின்தடை ஏறத்தாழ 11,000 ஓம்தான். அதே கணக்கைப் போட்டால் 54 வருகிறது. நூறுக்கும் அறுபதுக்கும் இருந்த இடைவெளி எங்கே, 61க்கும் 54க்கும் உள்ள இடைவெளி எங்கே!

இதிலும் ஒரு திருத்தம் இருக்கிறது. அட்டவணையில் உள்ள அக மின்தடை ஒரு குறிப்பிட்ட மின்னோட்டத்தில் அளக்கப்பட்டது. 12ஏஎக்ஸ்7க்காக அமைத்த சுற்றில் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர். 12ஏடி7க்கு அது குறைவு. அங்கே அதன் அக மின்தடை கூடிவிடும். எனவே பெருக்கம் 54க்கும் கீழே இறங்கும். வால்வை மட்டும்தான் மாற்றினோம். ஆனால் அது இயங்கும் நிலையும் சேர்ந்து மாறிவிட்டது. "ஒன்றை மட்டும் மாற்று" என்ற வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

12ஏயூ7ஐப் போட்டால் இதே கணக்கில் பெருக்கம் 16 அளவுக்கு இறங்கிவிடும். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இந்த வேறுபாடு எல்லோருக்கும் கேட்கும்.

சரி, பெருக்கம் குறைந்தால் ஒலி குறையும். நாதம் ஏன் மாற வேண்டும்? வால்வு எவ்வளவு பெரிய அலையையும் அப்படியே பெருக்கித் தராது. அலை மிகப் பெரிதானால் ஒருபுறம் மின்னோட்டம் முற்றிலும் நின்றுபோகும். மறுபுறம் கிரிட் நேர்மின் பக்கம் போய், தானே மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கும். அலையின் முகடும் அகடும் தட்டையாகிவிடும். தட்டையான அலையில் மூலச் சுரத்தில் இல்லாத மேற்சுரங்கள் சேரும். இரு புறமும் ஒரே அளவில் தட்டையாகாததால் இரு மடங்கு அதிர்வெண்ணும் வரும். இசை தெரிந்தவர்களுக்குப் புரியும்: கீழ் ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜமும் கலந்து ஒலிப்பது போன்றது. ராக் இசையில் கேட்கும் கரகரப்பான கிட்டார் ஒலியின் பிறப்பிடம் இதுதான். பெருக்கம் அதிகமுள்ள வால்வைப் போட்டால் இந்தக் கரகரப்பு வால்யூம் குமிழின் குறைந்த எண்ணிலேயே தொடங்கும். குறைந்ததைப் போட்டால் தாமதமாகத் தொடங்கும்.

இப்போது மாணவனின் கேள்வியை இரண்டாகப் பிரிக்கலாம். குமிழைத் தொடாமல் வால்வை மாற்றினால் என்ன மாறும்? இது ஒரு கேள்வி. மாற்றிய பின் குமிழைத் திருகி ஒலியைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் என்ன மீதமிருக்கும்? இது வேறு கேள்வி. பல ஆம்ப்ளிஃபயர்களில் வால்யூம் குமிழ் முதல் பெருக்க நிலைக்குப் பின்னால்தான் இருக்கும். கிட்டாரிலிருந்து வருவது சாதாரணமாக அரை வோல்ட்டுக்குள் உள்ள சிறிய அலை. அதனால் முதல் நிலை பெரும்பாலும் கரகரப்பதில்லை. எனவே குமிழைக் கூட்டிவிட்டால் பின்னால் உள்ள நிலைகளுக்குப் பழைய அளவு அலையே போய்ச்சேரும். பெரிதாகத் தெரிந்த வேறுபாட்டில் பெரும்பங்கு அப்போது கரைந்துவிடும்.

முழுதாகக் கரைந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே மிகச் சிறிய மின்தேக்குத்திறன் உண்டு. வால்வின் பெருக்கம் அதையும் பெருக்கிக் காட்டும். 12ஏஎக்ஸ்7இல் அது ஏறத்தாழ 100 பிகோ ஃபாரடு போல நடந்துகொள்ளும். முன்னால் 68,000 ஓம் மின்தடை இருந்தால், 23,000 ஹெர்ட்சுக்கு மேல்தான் ஒலி குறையத் தொடங்கும். நம் காதுக்கு எட்டாத இடம். முன்னால் 4,70,000 ஓம் இருந்தாலோ, ஏறத்தாழ 3,400 ஹெர்ட்சிலேயே உச்ச ஒலிகள் மங்கத் தொடங்கும். அந்த இடத்தில் பெருக்கம் குறைந்த வால்வைப் போட்டால் நாதம் பளிச்சென்று தெளியும். அதே வால்வு ஓரிடத்தில் நாதத்தை மாற்றுகிறது, இன்னோரிடத்தில் மாற்றுவதில்லை.

இரைச்சலும் இப்படித்தான். முதல் வால்வில் பிறக்கும் சிறு முணுமுணுப்பைப் பின்னால் உள்ள எல்லா நிலைகளும் பெருக்கும். அதனால் இரைச்சலும் அதிர்வுக்கு மணிபோல் ஒலிக்கும் தன்மையும் குறைந்த வால்வை முதல் இடத்தில் வைப்பது வழக்கம்.

வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபெண்டர் நிறுவனம் பாஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரைத் தயாரித்தது. 5எஃப்6-ஏ என்ற அதன் சுற்றில் முதல் வால்வு 12ஏஒய்7. 1962-63 வாக்கில் லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து அந்தச் சுற்றைப் பின்பற்றி ஜேடிஎம்45ஐ உருவாக்கினார். ஜிம் மார்ஷல் டிரம் கற்றுக்கொடுத்த ஆசிரியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவர்கள் முதல் இடத்தில் இசிசி83ஐ வைத்தார்கள். நம் கணக்குப்படி முதல் நிலையின் பெருக்கம் 35இலிருந்து 61க்குக் கூடுகிறது.

"மார்ஷலின் தனி நாதத்துக்குக் காரணம் இந்த வால்வுதான்" என்று ஒருவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாமா? இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி, வேறு என்னென்ன மாறின என்று பட்டியலிடச் சொல்லுங்கள். பாஸ்மேனில் நான்கு பத்து அங்குல ஒலிபெருக்கிகள். பின்புறம் திறந்த பெட்டி. மார்ஷலில் நான்கு பன்னிரண்டு அங்குல செலஸ்டியன் ஒலிபெருக்கிகள், மூடிய தனிப்பெட்டி. வெளியீட்டு வால்வு 5881க்குப் பதிலாக கேடி66 வந்தது. மின்மாற்றிகளும் வேறு. இத்தனையும் ஒரே நேரத்தில் மாறியிருக்கும்போது பெருமை முழுவதையும் ஒரு வால்வின் தலையில் வைக்க முடியாது. வால்வுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. எவ்வளவு பங்கு என்பதை இந்த ஒப்பீட்டால் சொல்ல முடியாது என்பதே நேர்மையான பதில். இந்தப் பதிலுக்கு நம் விடைத்தாளில் மதிப்பெண் கொடுக்கிறோமா என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது காது. வால்வை மாற்ற மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, மாற்றி, மீண்டும் சூடேற்ற வேண்டும். சில நிமிடங்கள் ஆகிவிடும். அதற்குள் பழைய நாதத்தின் நுணுக்கம் நினைவில் நிற்காது. சற்றுக் கூடுதலாக ஒலிப்பது காதுக்கு நன்றாக ஒலிப்பதாகவே படும். பணம் கொடுத்து வாங்கிய புது வால்வு நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று மனமும் சொல்லும்.

எனவே அந்த மாணவனோடு சேர்ந்து ஒரு திட்டம் எழுதினோம். கிட்டார் வாசிப்பை ஒருமுறை மட்டும் பதிவுசெய்து, அதே பதிவை ஒவ்வொரு வால்வுக்கும் ஆம்ப்ளிஃபயருக்குள் செலுத்த வேண்டும். ஒலிவாங்கி இடம் மாறக் கூடாது. வெளிவரும் ஒலிகளின் அளவைக் கணினியில் சமப்படுத்த வேண்டும். எது எந்த வால்வு என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. நாணயத்தைச் சுண்டி வேறொருவர் ஒலிக்கவிட வேண்டும். கடைசியில் முதல் வால்வையே மீண்டும் பொருத்திப் பதிவுசெய்ய வேண்டும். பழைய ஒலி திரும்பவில்லை என்றால், நாம் கவனிக்காத வேறு ஏதோ மாறியிருக்கிறது. பத்து முறையில் ஒன்பது அல்லது பத்து முறை சரியாகச் சொன்னால் நம்பலாம். வெறும் ஊகத்தில் அது நடக்க வாய்ப்பு 1024இல் 11தான். கணித ஆசிரியர்கள் இந்த இடத்தில் வகுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையைப் பள்ளியில் செய்ய வேண்டாம். வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம் இருக்கிறது. மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். சாக்கெட்டில் பொருந்துவதாலேயே எந்த வால்வையும் போட்டுவிடவும் கூடாது. இஎல்84 என்ற வெளியீட்டு வால்வுக்கும் ஒன்பது கால்கள்தான். அதன் இணைப்புகளே வேறு. இந்த வேலை பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவருக்கு உரியது. திட்டம் எழுதுவதும் கணக்கிடுவதும் நம் வேலை.

வகுப்பில் செய்வதற்கு இதே பாடத்தைத் தரும் வேறொரு சோதனை இருக்கிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் செய்யலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே கரண்டியால் தட்டச் சொல்லுங்கள். சுருதி இறங்கும். அதே பாட்டிலின் வாயில் ஊதச் சொல்லுங்கள். தண்ணீர் கூடக் கூடச் சுருதி ஏறும். மாற்றியது தண்ணீரை மட்டும்தான், விளைவுகளோ எதிரெதிர். தட்டும்போது தண்ணீரின் சுமையோடு கண்ணாடி அதிர்கிறது. ஊதும்போது மேலேயுள்ள காற்று அதிர்கிறது. தண்ணீர் கூடினால் அந்தக் காற்றின் இடம் சுருங்குகிறது.

"தண்ணீர் கூடினால் சுருதி என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் காத்திருங்கள். "தட்டினாலா, ஊதினாலா?" என்று ஒரு பிள்ளையாவது திருப்பிக் கேட்கும். அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.