பனிமலைக்குப் புறப்படுமுன்

காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பனியோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்கும் துளிதான் எங்கள் ஊரார் அறிந்த பனி. “பனியில் நிற்காதே, தலையில் துண்டைப் போட்டுக்கொள்” என்று பாட்டிமார் எச்சரிப்பார்களே, அந்தப் பனிக்கும், ஓர் ஆளையே மூடிவிடும் உயரத்துக்குக் கொட்டிக் கிடக்கும் இமயத்துப் பனிக்கும் பெயர் ஒன்றே, குணம் வேறு. அந்த வேறு குணத்தை நாடி, சென்ற மாசி மாதத்தில் நானும் என் தமக்கையின் மகனும் காஷ்மீரத்துக் குல்மார்க்கிற்குச் சென்றோம். போன கதையைக் காட்டிலும், போவதற்கு முன் செய்துகொண்ட ஆயத்தமே சொல்லத் தக்கது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே அதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குல்மார்க். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,650 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். நமக்குச் சிகரமாக இருப்பது அங்கே அடிவாரம். அங்கிருந்து கம்பிவட ஊர்தி இரண்டு கட்டங்களாக மேலே செல்கிறது. 1998-இல் திறக்கப்பெற்ற முதற் கட்டம் கோங்டூரி வரை. 2005-இல் திறக்கப்பெற்ற இரண்டாம் கட்டம் அபர்வத் மலையின் தோள் வரை, ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. 1927-இலேயே ஆங்கிலேய அதிகாரிகள் அங்குப் பனிச்சறுக்குச் சங்கம் கண்டார்கள். 1948-இல் நம் இராணுவம் அங்கே பனிச்சறுக்குப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிற்று.

அபர்வத் சரிவுகளில் செதுக்கிச் சமன் செய்த பாதை என்பது கிடையாது. மேல் நிலையத்திற்கு நேர் கீழே உள்ள அகன்ற கிண்ணம் போன்ற ஒரு சரிவைக் காவலர்கள் சோதித்து, வெடி வைத்துத் தளர்ந்த பனியைத் தள்ளிவிட்டுத் திறப்பார்கள். அதற்கு இருபுறமும் உள்ள சரிவுகள் இயற்கை விட்ட வழி. 2010 பிப்ரவரி 8-ஆம் நாள் அதே மலையின் கில்லன்மார்க்கில் பனிச்சரிவு ஒன்று இறங்கிப் பயிற்சியிலிருந்த 17 இராணுவ வீரரைக் கொன்றது. மலையையே தொழிலாகப் பயின்றவர்களுக்கு நேர்ந்த கதி இது என்றால், நம்மைப் போன்றவர்கள் எத்தனை எச்சரிக்கையாக இருக்கவேண்டும்!

ஆறு ஆண்டுகளுக்கு முன், அலுவல் நிமித்தம் வடநாட்டில் இருந்தபோது, குல்மார்க்கின் தாழ்ந்த சரிவுகளில் நான் சறுக்கப் பயின்றவன். மருமகனும் அவ்வாறே இரண்டு குளிர்காலம் பயின்றவன். அவனுக்கு வயது இருபத்துமூன்று; எனக்கு நாற்பத்தெட்டு. அபர்வத்திலிருந்து இறங்கவேண்டும் என்பது அவன் கனவு. என் தமக்கை இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “தம்பி, கூட்டிக்கொண்டு போகிறவன் நீ. திரும்பக் கூட்டிக்கொண்டு வருகிறவனும் நீதான்” என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு அவன் ஒரே மகன்.

மூன்று மாதம் முன்பாகவே உடலைப் பழக்கத் தொடங்கினோம். திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு நானூறுக்கும் மேற்பட்ட படிகள். வாரம் நான்கு நாள், விடியற்காலையில் ஏறி இறங்கினோம். ஏறுவதுதான் பயிற்சி என்று பலரும் எண்ணுவர். சறுக்குகிறவனுக்கு இறங்குவதே பயிற்சி. சரிவில் இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கவேண்டும். படியில் மெல்ல இறங்கும்போதும் அதே வேலைதான். முதல் வாரம் மறுநாள் நாற்காலியில் உட்காருவதற்கே எனக்குத் துணை தேவைப்பட்டது. பிள்ளையாருக்கு நான் வைத்த வேண்டுதல் என்னவோ என்று பூக்கடைக்காரர் வியந்தார்.

அடுத்தது உடையும் கருவியும். பருத்தியைப் பனியில் நம்பலாகாது. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உலராமல் உடலோடு ஒட்டிக் குளிரை உள்ளே அனுப்பும். மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் கதகதப்புக்கு ஒன்று, அதற்கும்மேல் காற்றும் ஈரமும் புகாத ஒன்று என மூன்று அடுக்கு போதும். காலணி விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. அதை அணிந்து நிமிர்ந்து நின்றால் விரல்கள் முன்சுவரைத் தொடவேண்டும். முழங்காலை மடக்கினால் விலகவேண்டும். உள்ளே ஒரே காலுறை, அதுவும் மெல்லியது. இரண்டு போட்டால் இரத்தம் ஓடாது. கால் முன்னிலும் அதிகமாய்க் குளிரும். காலணியைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, விழும்போது தானே விடுபட்டுக் காலைக் காக்கவேண்டும். அதன் அளவை எடை, உயரம், வயது, திறமை, காலணியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு தேர்ந்தவர் அமைக்கவேண்டும். அங்கே ‘நாலைந்து கிலோ குறைத்துச் சொல்வோமே’ என்று கூசுகிறவர், தம் உடலையே பணயம் வைக்கிறார்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. பனிச்சரிவில் புதையுண்டவனைத் தேட ஒரு சிறு கருவி உண்டு. ஆளுக்கு ஒன்றை நெஞ்சோடு கட்டிக்கொள்ளவேண்டும். அதுவும் ஒரு வானொலிதான், நேயர்களே. 457 கிலோஹெர்ட்ஸில், நீங்கள் நிலையங்களைத் தேடுகிற மத்திய அலைக்குச் சற்றுக் கீழே, ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். ஒருவன் புதைந்தால், மற்றவன் தன் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அம்பும் எண்ணும் காட்டும் திசையில் செல்லவேண்டும். பிறகு நீண்ட கோலால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்டவேண்டும். பத்து நிமிடத்திற்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதற்குப் பின் அந்த விகிதம் செங்குத்தாக விழுகிறது. ஊரிலிருந்து உதவி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அருகில் நிற்கிற துணைவனே மருத்துவன், அவனே தெய்வம்.

இதைப் பழகக் கொள்ளிடத்து மணலுக்குச் சென்றோம். மருமகன் தன் கருவியைப் பையில் சுற்றி, முழங்கால் ஆழத்தில் புதைத்து, மேலே நிரவிவிட்டு, “மாமா, நான் இங்கே எங்கோ புதைந்து கிடக்கிறேன். தேடுங்கள்” என்று கூறிக் கடிகாரத்தைப் பார்த்தபடி கரையில் அமர்ந்தான். நான் ஓடினேன். எண் குறைந்தது, கூடிற்று, மீண்டும் குறைந்தது. அம்பு ஒரு முறை கிழக்கே காட்டிற்று, அடுத்த கணம் மேற்கே. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு குழி தோண்டினேன். கருவி கைக்கு எட்டியபோது இருபத்திரண்டு நிமிடம் கழிந்திருந்தது.

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு நிமிடம் என்றால் என்ன பொருள் என்று இருவருக்கும் தெரியும். மணலில் உட்கார்ந்துகொண்டு, தமக்கையின் முகத்தை நினைத்தேன்.

காரணம் பிறகு புலப்பட்டது. என் சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது. தேடுகிற கருவிக்கு அரை மீட்டருக்குள் அத்தகைய பொருள் எது இருந்தாலும் அம்பு மயங்கிவிடும். மேலும், நான் ஓடினேனே ஒழிய, நெருங்கியதும் நிதானிக்கவில்லை. எண் சிறுத்தவுடன் மண்டியிட்டு, கருவியைத் தரையோடு தாழ்த்தி, முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மெல்ல நகர்த்தி, மிகச் சிறிய எண் எங்கே வருகிறது என்று பார்க்கவேண்டும். தோண்டுவதிலும் முறை உண்டு. தலைக்கு மேலே நின்று தோண்டலாகாது; சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து குடைந்து செல்லவேண்டும். ஐந்து ஞாயிற்றுக்கிழமை அந்த மணலில் கிடந்தோம். மணலில் கோல் இறங்காது. ஆதலால் அதை மட்டும் குல்மார்க் சென்றபின் பனியில் பழகினோம். கடைசி ஞாயிறன்று நான் எடுத்துக்கொண்டது ஏழு நிமிடம்.

கடைசி ஆயத்தம் பணம் செலவாகாதது. ஓர் ஒப்பந்தம். இருவரில் எவர் ‘வேண்டாம்’ என்றாலும் இருவரும் திரும்பிவிடுவது, காரணம் கேட்பதில்லை, மூத்தவர், இளையவர் என்ற பேதமும் இல்லை. இதை ஊரிலேயே, குளிரும் ஆசையும் தொடாத இடத்தில், பேசி முடித்துக்கொண்டோம்.

குல்மார்க்கில் முதல் இரண்டு நாளும் தாழ்ந்த சரிவுகளிலேயே இருந்தோம். 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். நுரையீரலுக்கு அவகாசம் தரவேண்டும். இரண்டாம் நாள் இரவு கடும் பனிப்பொழிவு. மூன்றாம் நாள் வானம் நீலமாக விடிந்தது. பார்த்தவர் மனம் துள்ளும் காலை அது. ஆனால் அபாயம் மிகுந்த காலையும் அதுவே. புதுப் பனியைக் காற்று வாரிச் சென்று மறுபுறச் சரிவில் பலகை போல் அடுக்கியிருக்கும். அது பழைய பனியோடு இன்னும் ஒட்டியிராது. முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் ஒருவனது பாரமே அதை உடைக்கப் போதும். அபாய அறிவிப்பில் ஐந்து நிலைகளில் மூன்றாவது என்று எழுதியிருந்தார்கள். மூன்று என்றவுடன் நடுத்தரம் என்று மனம் சமாதானம் சொல்லும். அல்ப்ஸ் மலைகளில் உயிர்ச் சேதம் பெரும்பாலும் அந்த மூன்றாம் நிலையில்தான் நேர்கிறது.

எல்லைக் கயிற்றைத் தாண்டிச் சிலர் பக்கச் சரிவுக்குள் சென்றார்கள். “மாமா, அவர்கள் போகிறார்களே!” என்றான் மருமகன். “வேண்டாம்” என்றேன். அவன் முகம் சுருங்கிற்று, வாய் திறக்கவில்லை. அன்று சென்றவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. மாலையில் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். இரவு உணவின்போது அவன் என்னோடு பேசவில்லை. எச்சரிக்கையாய் இருப்பவனுக்கு நிரூபணம் கிடைப்பதில்லை, நேயர்களே. அந்தக் கசப்பையும் தாங்கிக்கொள்ள ஆயத்தமாய் இருக்கவேண்டும்.

ஐந்தாம் நாள் அபாயம் தணிந்தது. காவலர்கள் திறந்துவிட்ட நடுச் சரிவில், கருவிகளைச் சோதித்துக்கொண்டு, ஒருவர் இறங்க மற்றவர் நின்று பார்த்தபடி, மாறி மாறி இறங்கினோம். அந்த இறக்கத்தை வருணிக்க எனக்குத் தமிழ் போதாது. நுரைபோன்ற பனி முழங்காலைத் தழுவிச் செல்ல, ஓசையே இல்லாமல் மலை நமக்குக் கீழே நழுவுகிறது. இரண்டு முறை இறங்கினோம். மூன்றாம் முறைக்கு நான் ஆவலோடு ஊர்தியை நோக்கித் திரும்பியபோது, மருமகன் என் கால்களைப் பார்த்தான். அவை நடுங்கிக்கொண்டிருந்தன, நான் கவனிக்கவில்லை.

“வேண்டாம், மாமா” என்றான்.

காரணம் கேட்பதில்லை என்பது ஒப்பந்தம் அல்லவா? பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடுதிக்கு நடந்தோம். அன்றிரவு அவன் பழையபடி பேசினான். நான் தூங்கும்வரை பேசிக்கொண்டே இருந்தான்.

திருச்சி வந்து சேர்ந்தபோது தமக்கை வாசலில் நின்றாள். மகனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்னையும் அவ்வாறே பார்த்தாள். “காபி கலக்கட்டுமா?” என்றாள்.

கடினமான மலைக்குப் போக விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். பலகை வாங்குவதற்கு முன் துணைவனைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவனைத் தோண்டி எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். அவன் ‘வேண்டாம்’ என்றால் திரும்பப் பழகிக்கொள்ளுங்கள். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.