சாட்சியும் கதையும்



தேயிலைத் தோட்டப் பள்ளியொன்றில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்து, ஞாயிறுதோறும் ஆராதனையில் வேதபாடம் வாசித்து, ஏனைய நாட்களில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லியே வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரின் ஞாபகார்த்தமாக அவர் மக்கள் ஏற்படுத்தியிருக்கும் இச்சொற்பொழிவில், கதை எழுதுகிறவனுடைய அன்றாட ஜீவியத்தில் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு என்ன வேலை என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். அவரிடம் எழுத்தறிந்தவர்களுள் நானும் ஒருவன் என்ற உரிமை ஒன்றைக்கொண்டே இந்த மேடையில் நிற்கிறேன்.

ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929-ஆம் ஆண்டில் ஹாபு பக்கத்துக் காட்டைத் திருத்திப் போ தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, இந்தக் கேமரன் மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகளே என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. அந்தக் கைகளுள் என் தாயாருடையவையும் இருந்தன. வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டு மணி அடிப்பதற்கு ஒரு நாழிகை முன்னதாக எழுந்து, அடுப்பை மூட்டிவிட்டு, சாக்கு விரிப்பின்மேல் முழங்காற்படியிட்டு அவர் ஜெபிப்பதைப் போர்வைக்குள் கிடந்தபடியே நான் கேட்டிருக்கிறேன். அந்த ஜெபத்தில் தமக்கென்று அவர் கேட்டது மிகக் கொஞ்சம். எங்கள் லயத்தின் முதல் வீடு தொடங்கிக் கடைசி வீடு வரையில், கோயில் வேறானாலும், முந்தின நாள் தண்ணீர்க் குழாயடியில் தம்மோடு சண்டையிட்டவளே ஆனாலும், ஒருவரையும் விடாது அவரவர் சங்கதிகளைக் கர்த்தருக்கு எடுத்துரைப்பார். மூன்றாம் வீட்டுக்காரிக்கு அட்டை கடித்த புண் இன்னும் ஆறவில்லை. கோடி வீட்டுக் கிழவருக்கு மகனிடமிருந்து இந்த மாதமும் கடிதம் வரவில்லை. பக்கத்து வீட்டில் இரவு பூராவும் குழந்தை இருமியது. அறியாதவருக்கு அறிவிப்பதுபோல இத்தனை நுணுக்கமாக ஏன் சொல்ல வேண்டும் என்று அக்காலத்தில் எனக்குத் தோன்றும். பிறரைப் பற்றிப் பேசும்போது தீர்ப்புச் சொல்லாமல் விவரம் மட்டும் சொல்லுகிற அந்த வழக்கமே நான் பிற்காலத்தில் மேற்கொண்ட தொழிலுக்கு முதற்பாடம் என்பதை உணர எனக்கு முப்பது வருஷங்கள் பிடித்தன.

நம் சபைகளில் 'சாட்சி சொல்லுதல்' என்றொரு வழக்கம் உண்டு. இருளில் இருந்தேன், வெளிச்சத்துக்கு வந்தேன் என்று ஒருவர் எழுந்து சொல்லும்போது, கதையின் முடிவு கேட்போர் அனைவருக்கும் முன்னமே தெரிந்திருக்கும். தெரிந்திருப்பதே அவர்களுக்கு ஆறுதல். நியாயஸ்தலத்தில் சொல்லப்படும் சாட்சியோ வேறு ஜாதி. கண்டதைச் சொல், கேட்டதைச் சொல், காணாததைச் சேர்க்காதே என்பது அங்கே விதி. பொய்ச்சாட்சியை விலக்கும் கற்பனையை லுத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் எட்டாவதாகவும் மற்றச் சபையார் ஒன்பதாவதாகவும் எண்ணுகிறார்கள். எண் எதுவாயினும், கதாசிரியனுக்கென்றே தனியாக எழுதப்பட்ட கற்பனை அது என்று நான் நம்புகிறேன்.

தமிழின் முதல் நாவலை எழுதியவர் ஒரு கத்தோலிக்கர் என்பதையும், அவர் முன்சீப் உத்தியோகம் பார்த்தவர் என்பதையும் நாம் தனித்தனியாக அறிந்திருக்கிறோம். சேர்த்து நினைத்துப் பார்ப்பது அரிது. 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, பகற்பொழுதெல்லாம் வாதி பிரதிவாதிகளின் வாய்மொழிகளைச் செவிமடுத்து, இவற்றுள் கண்டது எது, கட்டியது எது என்று பிரித்தறிவதையே ஜீவனமாகக் கொண்டிருந்தவர். 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவரும், வழக்கு நடத்தும் பாஷை குடிகளுக்கு விளங்கும் தமிழாக இருத்தல் வேண்டும் என்று தம் கதைக்குள்ளேயே வாதாடியவரும் அவரே. 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் நீதிபோதனை ஏராளம் உண்டு, சில இடங்களில் கதையின் ஓட்டத்தையே அது மறித்து நிற்கிறது என்பதை அவரிடம் எனக்குள்ள பக்தி மறைக்கவில்லை. ஆனால் அத்தனை போதனைக்குள்ளும் வாசகனை மதம் மாற்றும் நோக்கம் தலைகாட்டவில்லை. சைவப் பெரும்புலவரான மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்துக்கோவை பாடினார். அவரோ சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் செய்தார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளை வாரி வழங்கியபோது, கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். அவருடைய விசுவாசத்தைக் காண விரும்புகிறவன், நாவலில் கர்த்தருடைய நாமம் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக்கொண்டிராமல், அவர் நியாயாசனத்தில் அமர்ந்து கேட்ட விதத்தையும், பசித்தவன் முன் நின்ற விதத்தையும் பார்க்க வேண்டும்.

ஹெப்சிபா ஜேசுதாசன் அம்மையாரின் 'புத்தம் வீடு' 1964-இல் வெளிவந்தது. கன்னியாகுமரி மண்ணின் பனைவிளைகளுக்கு நடுவே நொடித்துப்போன ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டில் அடைபட்டு வளரும் லிஸி. அவள் மனம் கொண்ட பனையேறி தங்கராஜ். இடையே ஒரு கொலை. அங்கே கோயில் இருக்கிறது, ஜெபம் இருக்கிறது, வேதபுஸ்தகமும் இருக்கிறது; இருந்தும் பனையேறி வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்க அந்த வீட்டுக்கு மனம் வருவதில்லை. தம் சொந்த ஜனத்தைக் குறித்து இதை எழுத ஒரு கிறிஸ்தவப் பெண்மணிக்கு எத்தகைய தைரியம் வேண்டியிருந்திருக்கும்! இகழ்ச்சி துளியுமில்லாத அந்தத் தைரியத்தை நான் அன்பு என்றே கொள்ளுகிறேன். அம்மையார் பிறந்த அதே 1925-இல் அமெரிக்காவின் தென்னாட்டில் பிறந்தவர் பிளானரி ஓ'கானர். நோயால் மெலிந்து, தாயாரின் பண்ணையில் மயில் வளர்த்துக்கொண்டு, காலைப் பூசை கண்டு திரும்பியதும் மேசை முன் அமர்ந்து நாளுக்குச் சில மணிநேரம் எழுதுவதையே நியமமாகக் கொண்டிருந்த அவரும், தம் அயலாரை உள்ளபடி எழுதினார். ஒருவரையொருவர் அறியாத இவ்விரு பெண்மணிகளும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்போல எனக்குத் தோன்றுகிறார்கள்.

தேயிலைக்கு வருகிறேன். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த நாவலை, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கியிருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முன்பணம் என்னும் தூண்டிலில் சிக்கி மலையேறிய கறுப்பனும் வள்ளியும் காய்ச்சலுக்கும் கடனுக்கும் இரையாகும் அந்தக் கதையை வாசித்தபோது, எங்கள் பாட்டனார் வாய்திறந்து சொல்லாமற்போன சங்கதிகளை வேறொருவர் சொல்லக் கேட்டதுபோல் எனக்கு நெஞ்சு அடைத்தது. டேனியலுடைய உள்ளத்து விசுவாசத்தை அளக்க நான் யார்? நாடி பிடித்துப் பார்த்த கையே பேனாவையும் பிடித்தது என்பது மட்டும் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

என் சொந்தக் குற்றத்தையும் இங்கே அறிக்கையிடுவது கடமை. இருபத்திரண்டாம் வயதில் நான் எழுதிய முதற் கதையில், குடித்துவிட்டு ஆட்களை ஏசும் ஒரு கங்காணி, கிறிஸ்துமஸ் இரவு ஆராதனையில் கதறி அழுது மனந்திரும்புகிறார். கதை அச்சில் வந்தது, சபையார் மெச்சினார்கள். எங்கள் தோட்டத்துக் கங்காணியின் மகள், என்னோடு படித்தவள், ஒரு நாள் வழியில் என்னை மறித்து நின்று கேட்டாள்: "அப்பா குடிச்சது நெசம்தான், அண்ணே. கோயிலுக்கு வந்து அழலையே. எதுக்கு அழ வெச்சீங்க?" அத்தோடு நில்லாமல், என் தகப்பனார் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த இரவில், லாரி வராத மழையில், அவரை முதுகில் சுமந்து தோட்டத்து ஆஸ்பத்திரி வரை இறங்கியவர் தன் அப்பாதான் என்பதையும் நினைவூட்டினாள். அது எனக்குத் தெரிந்த சங்கதி. மனந்திரும்புதலுக்கு இடையூறாகப் பட்டதால் நான் விட்டுவிட்ட சங்கதி. கண்டதை மறைத்தேன், காணாததைச் சேர்த்தேன். இரண்டையும் கர்த்தருடைய மகிமைக்கென்று செய்தேன்.

தானா ராத்தாவில், ராணுவத்தார் கழித்துவிட்ட அரைவட்டத் தகரக் கொட்டகையே ஆலயமான சகல ஆத்துமாக்கள் திருச்சபையை நீங்கள் அறிவீர்கள். 1967-ஆம் ஆண்டு மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு காலையில் அங்கே ஆராதனையில் இருந்த பட்டு வர்த்தகர் ஜிம் தாம்ஸன், அன்று பிற்பகல் தாம் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர், போனவரே. போலீஸாரும் ராணுவத்தாரும் காட்டை அறிந்த ஒராங் அஸ்லி மக்களும் தேடியும் தடயம் கிட்டவில்லை. கடத்தல் என்றும் புலி என்றும் அன்று முதல் இன்றுவரை எத்தனையோ முடிவுகளை ஜனங்கள் கட்டியாயிற்று. எனக்கோ, காலை ஆராதனை வரைக்கும் கண்ணால் கண்டு, அதற்கு மேல் தெரியாது என்று சொல்லக்கூடியவனின் வாக்குமூலமே பெரிதாகப் படுகிறது.

இப்போதும் விடியுமுன் எழுகிறேன். கொழுந்து பறிக்கும் வேலையில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். என் ஜெபத்தின் வரிசையில் அவர்களுள் முகம் தெரிந்த சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். வரிசை முடிந்ததும் மேசைக்குப் போகிறேன். அந்தக் கங்காணியின் கதையைப் பல வருஷங்களாகத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதைய பிரதியில் அவர் என் தகப்பனாரைச் சுமந்துகொண்டு இறங்குகிறார். கால் வழுக்குகிறது, தூஷணம் சொல்லுகிறார், மறுபடி இறங்குகிறார். கிறிஸ்துமஸ் இரவில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஆலயத்துக்கு வெளியே பாதையோரத்தில் நின்று பாட்டைக் கேட்கிறார். அவர் அப்படி நின்றதை ஜன்னல் வழியே நான் பார்த்தேன். பாட்டு முடிந்து நான் மறுபடி பார்த்தபோது பாதையில் மூடுபனி இருந்தது. பேனாவை அங்கே வைத்துவிட்டேன்.